கல்யாண போட்டோ ரீடச்சிங்குக்கு பேனா டேப்லெட்: ஸ்மால் போதுமா, மீடியம் வேண்டுமா?

தேனிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். தேனியில் ஸ்டுடியோ நடத்துகிறேன். படம் எடுப்பது, செலக்‌ஷன், ரீடச்சிங், ஆல்பம் டிசைன் எல்லாமே நான்தான். சீசனில் மட்டும் ஒரு பையன் உதவிக்கு வருவான். இதுவரை எல்லாவற்றையும் மவுஸிலேயே ஓட்டிவிட்டேன். வைகாசி முகூர்த்தங்கள் முடிந்ததிலிருந்து வலது மணிக்கட்டில் வலி. காலையில் பரவாயில்லை. மத்தியானத்துக்கு மேல் மவுஸைப் பிடித்தாலே சுள்ளென்று இழுக்கிறது. டாக்டரிடம் காட்டிவிட்டேன். பிடியை மாற்றுங்கள், நடுநடுவே கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். அதனால் பேனா டேப்லெட் (திரை இல்லாத பலகை, அதன் மேல் பேனாவை ஓட்டினால் கணினித் திரையில் கர்சர் நகரும்) வாங்குவது என்று முடிவாகிவிட்டது. எந்த அளவு என்பதில்தான் குழப்பம்.

என் வேலை இதுதான். கல்யாண ஆல்பம், பெரும்பாலும் 12க்கு 36 இன்ச் ஷீட். மணப்பெண் குளோசப்பில் பருத் தழும்பு, நெற்றியில் வியர்வை மினுமினுப்பு, நெற்றிச்சுட்டிக்குப் பக்கத்தில் பறக்கும் முடி, கண்ணுக்குக் கீழே கருவளையம். அப்புறம், மாலை போட்டு மாட்டுவதற்காகப் பழைய போட்டோ கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் கிழிசலும் பூஞ்சைக் கறையும் எடுக்க வேண்டும். சில நேரம் ஆளை வெட்டி எடுத்து வேறு பேக்ரவுண்டில் வைக்கச் சொல்வார்கள். போட்டோஷாப், லைட்ரூம் இரண்டும் உண்டு. 15.6 இன்ச் லேப்டாப், அதோடு ஒரு 24 இன்ச் மானிட்டர். மேஜை இரண்டரை அடி அகலம். பக்கத்தில் பிரின்டர் நிற்பதால் அதற்கு மேல் நீட்ட வழியில்லை.

கடையில் கேட்டால், "பெருசா வாங்குங்க சார், அதுதான் புரொஃபஷனல்" என்கிறார்கள். நண்பர் ஒருவர், போட்டோ வேலைக்கு ஸ்மால் தாராளம், பெரியதெல்லாம் படம் வரைகிறவர்களுக்கு என்கிறார். மீடியம் வாங்கப் பணம் இருக்கிறது. தேவைதான் என்றால் லார்ஜுக்கும் புரட்டிவிடலாம். ஆனால் தேவையில்லாத பெரியதை வாங்குவதற்கு அந்தப் பணத்தில் இன்னொரு ஃபிளாஷ் வாங்கிவிடுவேன். இதே வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

இரவு எடிட்டர்

ஸ்மால் போதும் பிரதர். நான் ஹுயான் ஹெச்640பி வைத்திருக்கிறேன். வேலைப் பரப்பு, அதாவது பேனா வேலை செய்யும் இடம், 160க்கு 99 மில்லிமீட்டர். 14 இன்ச் லேப்டாப்பில் ரிசப்ஷன் படங்களை எல்லாம் இதில்தான் முடிக்கிறேன். லேப்டாப் பைக்குள்ளேயே போய்விடும். மண்டபத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் பெண் வீட்டாருக்கு நாலு படம் ரெடி பண்ணிக் கொடுத்துவிடலாம். முகத்தில் வேலை செய்யும்போது எப்படியும் ஜூம் பண்ணித்தானே செய்யப் போகிறோம்? அப்புறம் பெரிய டேப்லெட் எதற்கு?

கோவை ரீடச்சர்

தம்பி, முந்தின பதிலில் சொன்னது அவருக்கு முழுக்கச் சரி. அவர் திரை 14 இன்ச், உங்கள் திரை 24. அங்கேதான் விஷயம் மாறுகிறது.

நான் கோயம்புத்தூரில் பல ஸ்டுடியோக்களுக்கு மணப்பெண் குளோசப் மட்டும் வாங்கி ரீடச் செய்து கொடுக்கிறேன். பகலெல்லாம் பேனாவும் கையுமாகத்தான் இருப்பேன். டேப்லெட் அளவைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் திரையின் அளவைச் சொல்வதே இல்லை. நீங்கள் திரை, மேஜை, வேலை மூன்றையும் சொல்லிவிட்டீர்கள். அதனால் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்.

மவுஸைத் தூக்கித் தூக்கி வைத்து நகர்த்துவோம் இல்லையா, அது இங்கே கிடையாது. டேப்லெட்டின் ஒவ்வொரு இடமும் திரையில் ஒரு இடத்துக்குச் சொந்தம். இடது மேல் மூலையில் பேனாவை வைத்தால் கர்சர் திரையின் இடது மேல் மூலைக்குப் போய் நிற்கும். டேப்லெட்டின் முழு அகலமும் திரையின் முழு அகலத்துக்குச் சமம். அதனால் டேப்லெட் சின்னதாக ஆக ஆக, கையின் அசைவு பெரிதாகித் திரையில் விழும்.

வேகாம் இன்ட்யூஸ் ஸ்மாலின் வேலைப் பரப்பு 152க்கு 95 மி.மீ., மீடியம் 216க்கு 135 மி.மீ. விலை குறைந்த ‘ஒன் பை வேகாம்’ வகையிலும் இதே இரண்டு அளவுகள்தான். உங்கள் 24 இன்ச் மானிட்டரின் அகலம் ஏறக்குறைய 53 செ.மீ. ஸ்மால் வைத்தால், கை ஒரு செ.மீ. நகரும்போது கர்சர் மூன்றரை செ.மீ. ஓடும். மீடியத்தில் அது இரண்டரைக்குள் அடங்கிவிடும். இதையே உங்கள் 15.6 இன்ச் லேப்டாப்புக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் திரை சுமார் 34.5 செ.மீ. அகலம். ஸ்மால் வைத்தாலே 2.3 மடங்குதான் வருகிறது. ஆக, லேப்டாப்புக்கு ஸ்மாலும் 24 இன்ச்சுக்கு மீடியமும் கைக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். உங்கள் நண்பர் லேப்டாப்பில் வேலை செய்கிறவராக இருந்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை.

என் கையைக் கேட்டால், இரண்டிலிருந்து இரண்டரை மடங்குதான் சுகமான இடம். மூன்றைத் தாண்டும்போது விரலில் இருக்கும் சின்ன நடுக்கமும் கோட்டில் தெரிகிறது. புருவ ஓரத்தில் ஒரு வளைவு போட்டால் அது வளைவாக வராமல் உடைந்து உடைந்து வருகிறது. கை அதைச் சமாளிக்கப் பேனாவை இறுக்கிப் பிடிக்கும். மணிக்கட்டு வலியோடு வருகிற உங்களுக்கு அந்த இறுக்கம் ஆகவே ஆகாது.

இனி ஜூம். ஜூம் பண்ணினால் சின்ன டேப்லெட்டிலும் துல்லியம் கிடைக்கும் என்பது உண்மைதான். 1920 பிக்சல் திரையில் ஸ்மாலின் ஒரு மி.மீ. சுமார் 12.6 பிக்சல், மீடியத்தின் ஒரு மி.மீ. சுமார் 9 பிக்சல். ஸ்மாலில் இன்னும் கொஞ்சம் ஜூம் கூட்டினால் இரண்டும் சமமாகிவிடும். ஆனால் ஜூம் கூடக் கூட முகம் கண்ணை விட்டுப் போய்விடுகிறது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

ஒரு மணப்பெண் குளோசப்பை 300 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். திரையில் கன்னத்தின் ஒரு துண்டு மட்டும்தான் இருக்கும். துவாரம், மெல்லிய ரோமம், பவுடர் ஒட்டிய இடம் எல்லாமே குறை மாதிரித் தெரியும். கை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே போகும். மூக்குத்திக்குக் கீழே அதன் நிழல் சின்னதாக ஒரு கருப்பாக விழுந்திருக்கும். அந்த ஜூமில் அது நிழல் என்றே தெரியாது, தழும்பு அழிக்கும் ஹீலிங் பிரஷ் ஒரு தட்டில் அதை எடுத்துவிடும். வெளியே வந்து முழு முகத்தைப் பார்த்தால், மூக்குத்தி மூக்கில் குத்தியதாக இல்லாமல் மேலே ஒட்டியதாக இருக்கும். காரணம் என்னவென்று ஆல்பம் பார்க்கிறவர்களுக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் முகம் என்னவோ போல இருக்கிறது என்று சொல்வார்கள். பெண்ணின் அம்மா முதலில் சொல்வார்.

அதனால் தழும்பு, பரு மட்டும் 100 அல்லது 200 சதவீதத்தில் எடுத்துவிட்டு, ஒளி நிழலைச் சரிசெய்யும் டாட்ஜ் பர்ன் வேலையை முழு முகமும் திரையில் தெரிகிற ஜூமில்தான் செய்ய வேண்டும். கருவளையத்தை எவ்வளவு தூக்கலாம் என்பது கன்னத்தையும் நெற்றியையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். முழு முகத்தை வைத்துக்கொண்டு கண்ணுக்குக் கீழே நுணுக்கமாக ஓட்ட வேண்டும் என்றால், கைக்குக் கொஞ்சம் பெரிய பரப்பு வேண்டும். மீடியத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணம் அதற்குத்தான்.

லார்ஜ் உங்களுக்கு வேண்டாம். இன்ட்யூஸ் ப்ரோ லார்ஜில் 2017 மாடலின் பரப்பு 311க்கு 216 மி.மீ., உடம்பு 43 செ.மீ. அகலம். இரண்டரை அடி என்றால் 76 செ.மீ. மேஜையில் பாதிக்கு மேல் அதுவே படுத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், போட்டோஷாப்பில் நாம் சும்மா சும்மா வலது ஓரத்துக்கு லேயர் பேனலுக்குப் போய் வருவோம். லார்ஜில் ஒவ்வொரு தடவையும் முழங்கையோடு கை போய் வர வேண்டும். பெரிய வீச்சில் வரைகிற ஓவியர்களுக்கு அந்த வீச்சுதான் தேவை. நம்முடையது விரலளவு கோடுகள்.

சரி, நான் சொன்னதை நம்பி வாங்க வேண்டாம். வாங்கும் முன் ஒரு ஏ4 தாளை எடுங்கள். முழுத் தாள் 297க்கு 210 மி.மீ., கிட்டத்தட்ட லார்ஜ். ஒரு மடிப்பு மடித்தால் 210க்கு 148, அது மீடியம் அளவுக்குப் பக்கத்தில் வரும். இன்னொரு மடிப்பு மடித்தால் 148க்கு 105, அது ஸ்மால். மூன்றையும் ஒவ்வொன்றாக மானிட்டருக்கு நேர் எதிரே, நடுவில் வையுங்கள். மூடிய பேனாவைப் பிடித்து, திரையில் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டே அதன் தாடை ஓரத்தைத் தாளில் ஓட்டிப் பாருங்கள். மூலைக்கு மூலை போய் வாருங்கள். இடது கை கீபோர்டில் இருக்கட்டும். கீபோர்டு எங்கே இடிக்கிறது, முழங்கை எங்கே தொங்குகிறது எல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

மேஜைக் கணக்கும் பார்த்துவிடுங்கள். நம்பர் பேட் உள்ள கீபோர்டு சுமார் 44 செ.மீ., இன்ட்யூஸ் மீடியத்தின் உடம்பு 26.4 செ.மீ. இரண்டும் சேர்ந்து 70. மேஜையில் நுழையும், ஆனால் டேப்லெட் மானிட்டருக்கு நேராக இல்லாமல் வலது ஓரத்துக்குத் தள்ளப்படும். உடம்பைத் திருப்பிக்கொண்டே வேலை செய்தால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். நம்பர் பேட் இல்லாத கீபோர்டு சுமார் 36 செ.மீ.தான். அதை இடப்பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, டேப்லெட்டை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

கடைப் பக்கத்தில் போட்டிருக்கும் அளவு உடம்பின் அளவா, வேலைப் பரப்பா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். இன்ட்யூஸ் ஸ்மாலின் உடம்பு 200க்கு 160 மி.மீ., பேனா வேலை செய்யும் இடம் 152க்கு 95 மட்டும். வேறு பிராண்டு என்றால் எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2, ஹுயான் ஹெச்610 ப்ரோ வி2 இரண்டிலும் பரப்பு 10க்கு 6.25 இன்ச். மீடியத்துக்கும் லார்ஜுக்கும் நடுவில் வரும். 24 இன்ச்சுக்கு நன்றாகவே பொருந்தும், ஆனால் மேஜையில் இடம் இன்னும் கொஞ்சம் பிடிக்கும்.

தேனிக்காரன்

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. மூக்குத்தி விஷயம் படித்ததும் போன வாரம் முடித்த ஆல்பத்தைத் திறந்து பார்த்தேன்.

தாளை மடித்துப் பார்த்துவிட்டேன். நாலாக மடித்ததில் திரையின் ஓரத்துக்குப் போக விரலை அசைத்தாலே போதும், ஆனால் தாடை ஓரம் ஓட்டும்போது எங்கே திரும்புகிறோம் என்று பிடிபடவில்லை. முழுத் தாளில் வலது மேல் மூலைக்குப் போக முழங்கையைத் தூக்க வேண்டியிருக்கிறது. ஒரு மடிப்பில், கையை ஊன்றிய நிலையில் முக்கால்வாசி இடம் எட்டுகிறது, மிச்சத்துக்கு முன்கையைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். அதுதான் எனக்குச் சரியாக இருக்கிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, எனக்கு லேப்டாப் திரை, மானிட்டர் இரண்டுமே எப்போதும் ஓடும். லைட்ரூம் ஒன்றில், போட்டோஷாப் ஒன்றில். டேப்லெட் இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்யுமா? இரண்டு, 216க்கு 135 என்பது 16க்கு 10 விகிதம், என் மானிட்டர் 16க்கு 9. வட்டம் போட்டால் முட்டையாகிவிடுமா?

பழைய படம்

நான் மதுரை. பழைய போட்டோ சரிசெய்வது மட்டும்தான் என் வேலை. தம்பி அதையும் கேட்டிருப்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது ஸ்மால். என் வேலைக்கு அது குறையாகத் தெரியவில்லை. 4க்கு 6 போட்டோவை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 2400க்கு 3600 பிக்சல் வரும். 100 சதவீதத்தில் வைத்து, மேலிருந்து கீழே பட்டை பட்டையாக நகர்த்திக்கொண்டே போவேன். ஒவ்வொரு பூஞ்சைப் புள்ளிக்கும் ஒரு தொடுதல். கோடு என்று இழுப்பதே குறைவு. புடவைக் கட்டத்தின் மேல் விழுந்த மடிப்புக் கோட்டுக்கு மட்டும், ஒரு இடத்தை நகலெடுத்து இன்னொரு இடத்தில் வைக்கும் குளோன் ஸ்டாம்பை எடுத்து, கட்டத்தின் திசையிலேயே சின்னச் சின்னதாக வைத்துப் போவேன். முகத்தின் குறுக்கே கிழிசல் ஓடினால் முதலில் கண், உதடு, மூக்கின் ஓரம் மூன்றையும் சேர்த்துவிட்டு, அதற்கு அப்புறம்தான் தோலுக்கு வருவேன். அந்தப் படம் ஒரு வீட்டில் அவருடைய ஒரே படமாக இருக்கும். கண் ஒரு மயிரிழை இறங்கினாலும் அது வேறு ஆளாகிவிடும்.

அதனால் பழைய படம் மட்டும் என்றால் ஸ்மாலே போதும் என்பேன். உங்களுக்குக் குளோசப்பும் இருக்கிறது, ஆளை வெட்டி எடுக்கும் வேலையும் இருக்கிறது. முந்தானை மடிப்பு, மாலை ஓரம் என்று நீளமான வளைவுகள் வரும். அதற்கு மீடியம்தான் கைக்குச் சுகம். கோவை அண்ணன் சொன்னதே சரி.

இன்னொன்று, இதைப் படிக்கும் இடதுகைக்காரர்களுக்கு. நானும் இடதுகைதான். டிரைவரில் (டேப்லெட்டுக்கான மென்பொருள்) இடதுகை என்று மாற்றிவிட்டு டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஒயரும் பட்டன்களும் கைக்கு இடைஞ்சல் இல்லாமல் போய்விடும்.

கோவை ரீடச்சர்

அக்கா சொன்ன வரிசை, கண் உதடு மூக்கு முதலில் என்பது, அப்படியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டியது.

தம்பி, இரண்டு திரைக்கும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். சேர்த்தால் மீடியத்தின் 21.6 செ.மீ. இரண்டாகப் பிரிந்து மானிட்டருக்குப் பாதிதான் மிஞ்சும். இரண்டரை மடங்கு என்று சொன்னது ஐந்து மடங்காகிவிடும். மீடியம் வாங்கி ஸ்மாலைவிட மோசமாக வேலை செய்வதற்குச் சமம் அது. டிரைவரில் மேப்பிங் என்ற இடத்தில் 24 இன்ச் மானிட்டரை மட்டும் தேர்ந்தெடுங்கள். லேப்டாப் திரைக்குப் போக வேண்டும் என்றால் டேப்லெட்டில் உள்ள ஒரு பட்டனுக்கு டிஸ்ப்ளே டாகிள் கொடுத்துவிடலாம். ஒரு தட்டில் அங்கே, இன்னொரு தட்டில் இங்கே.

விகிதத்துக்கும் அதே இடத்தில் வழி இருக்கிறது. ஃபோர்ஸ் ப்ரொபோர்ஷன்ஸ் என்று ஒரு டிக் இருக்கும், போட்டுவிடுங்கள். உயரத்தில் 135 மி.மீ.க்குப் பதில் சுமார் 121 மி.மீ. மட்டும் வேலை செய்யும், கீழே ஒரு பட்டை சும்மா கிடக்கும். போடாவிட்டால் நீங்கள் போடுகிற வட்டம் திரையில் பக்கவாட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் விரிந்து வரும். முக ஓரத்தை மாஸ்க் செய்யும்போது கைக்கும் கண்ணுக்கும் ஒத்துப்போகாத மாதிரியே இருந்துகொண்டிருக்கும்.

செட்டிங்கில் நான் முதலில் மாற்றுபவை இவை. பேனா பட்டன் ஒன்றுக்கு ஆல்ட் கீ. ஹீலிங் பிரஷ், குளோன் ஸ்டாம்ப் இரண்டிலும் எங்கிருந்து எடுப்பது என்று காட்ட ஆல்ட் வேண்டும், அது விரலிலேயே இருந்தால் கீபோர்டுக்கு ஓட வேண்டியதில்லை. அடுத்து டிப் ஃபீல், அதாவது எவ்வளவு அழுத்தினால் கோடு விழும் என்பது. அதை மென்மைப் பக்கம் தள்ளுங்கள். லேசாக வைத்தாலே கோடு விழ வேண்டும். மவுஸிலிருந்து வருகிறவர்கள் பேனாவை அழுத்தித் தேய்ப்பார்கள், மணிக்கட்டு வலி குறைவதற்குப் பதில் கட்டைவிரல் வலி புதிதாக வரும். விண்டோஸ் என்றால், பேனாவை ஒரு இடத்தில் வைத்திருக்கும்போது ஒரு வளையம் சுற்றிவிட்டு ரைட் கிளிக் ஆகும், பேனா அமைப்பில் அதை நிறுத்திவிடுங்கள். டிரைவரில் உள்ள விண்டோஸ் இங்க் டிக்கை எடுத்தால் சில நேரம் போட்டோஷாப்பில் பிரஷர் (பேனா அழுத்தத்தை உணர்வது) போய்விடும். எடுத்ததும் ஒரு கோடு போட்டுச் சரிபாருங்கள்.

போட்டோஷாப்பில் பிரஷ் செட்டிங்ஸ், டிரான்ஸ்ஃபர் என்ற இடத்தில் ஒபாசிட்டியை (நிறம் எவ்வளவு அடர்த்தியாக விழும் என்பது) பென் பிரஷருக்குக் கொடுங்கள். ஃப்ளோ (பிரஷ்ஷிலிருந்து நிறம் இறங்கும் வேகம்) 5 முதல் 10 சதவீதம். ஷேப் டைனமிக்ஸில் அளவு பிரஷரோடு மாறுவதை டாட்ஜ் பர்னுக்கு நிறுத்திவிடுங்கள். பிரஷ் அளவு கையழுத்தத்தில் மாறிக்கொண்டே இருந்தால் கன்னம் திட்டுத் திட்டாகும். பறக்கும் முடியை எடுக்கவும், வகிட்டில் முடி நிரப்பவும் மட்டும் அளவு மாறட்டும். முடி நுனியில் மெலிந்து முடிய வேண்டும், அது பேனாவில் தானாக வரும்.

பிரஷர் லெவல் 2048, 4096, 8192 என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மாடல் ஏற வேண்டாம். தோல் ரீடச்சிங்கில் எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்ததே இல்லை. பேனாவைச் சாய்ப்பதை உணரும் வசதியும் போட்டோ வேலைக்குத் தேவைப்படாது. மிச்சமாகிற பணத்தை மானிட்டர் கலர் காலிப்ரேஷனுக்கு (திரையின் நிறத்தைச் சரியாக அமைப்பதற்கு) கொடுங்கள். நம் பெண்களின் நிறத்தை நிறமாகவே பிரின்டுக்குக் கொண்டுபோக அதுதான் உதவும்.

ஆல்பம் வேலை

எல்லாம் சரி, மவுஸை ஒரேயடியாகத் தூக்கி வைக்க வேண்டுமா? ஷீட்டில் படங்களை இழுத்து வைப்பது, கைடு கோட்டுக்கு ஒட்டுவது எல்லாம் எனக்கு மவுஸில்தான் வேகம். ரீடச்சிங் பேனாவில், டிசைன் மவுஸில் என்று பிரித்துக்கொண்டால் கைக்கும் மாற்றம் கிடைக்கிறது. மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு ஒரே பிடியில் நாள் முழுக்க இருக்காமல் இருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

கோவை ரீடச்சர்

ஏற்றுக்கொள்கிறேன். பழகும் வரை மட்டும் மவுஸைக் கண்ணில் படாமல் வைக்கச் சொல்வேன். ஃபோல்டர் திறப்பது, மெயில் பார்ப்பது எல்லாம் பேனாவிலேயே செய்தால்தான், கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி ஓட்டுவது படியும். டெலிவரி நெருக்கும் ஆல்பத்தில் பழக ஆரம்பிக்காதீர்கள். முகூர்த்தம் இல்லாத ஆடியில் ஆரம்பியுங்கள். படிந்த பிறகு மவுஸ் திரும்பி வரட்டும்.

தேனிக்காரன்

முடிவு பண்ணிவிட்டேன். மீடியம், அதோடு நம்பர் பேட் இல்லாத கீபோர்டு. பிரின்டரையும் ஸ்டாண்ட் போட்டு மேலே ஏற்றப் போகிறேன், அப்போது மேஜையில் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும். ஆடிக்குள் வந்துவிட்டால் ஆவணி முகூர்த்தங்களுக்குக் கை தயாராகிவிடும். பழைய படம் அக்காவுக்கும் நன்றி, இப்போது கையில் ஒரு தாத்தா படம் இருக்கிறது, நெற்றியில் தொடங்கி மூக்கு வழியாகக் கிழிசல். கண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

கடைசியாக ஒன்று. பேனா நுனி தேயும் என்கிறார்களே, கூடுதல் நுனி இப்போதே வாங்கி வைக்க வேண்டுமா?

பழைய படம்

உடனே வேண்டாம். நீங்கள் எடுப்பது இன்ட்யூஸ் என்றால் பேனாவின் உள்ளேயே மூன்று நுனிகள் வைத்திருப்பார்கள், பேனாவைத் திறந்து பாருங்கள். நுனி உருண்டையாக இருக்கும் வரை கவலை இல்லை. ஒரு பக்கம் தட்டையாகி விளிம்பு கூர்மையாகத் தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அது டேப்லெட்டின் மேல்பரப்பைக் கீறும். லேசாகப் பிடித்து வேலை செய்தால் ரொம்ப நாள் வரும். நெற்றிக் கிழிசல் படத்தை ஸ்கேன் செய்யும் முன் ஸ்கேனர் கண்ணாடியையும் போட்டோவையும் மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டிவிடுங்கள் தம்பி, ஈரத்துணி மட்டும் போட்டோ மேல் படவே கூடாது.